ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்

ஈரோடு பக்கம் சிறப்புக் குழந்தைகளுக்குத் தெரபி சென்டர் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெயர் போடவில்லை, வம்பு வேண்டாம்.

என் பையனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள் என்று போனோம். சுவரெல்லாம் கார்ட்டூன், ஊஞ்சல். பார்த்ததும் மனசு இளகிவிட்டது. ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி), ஓ.டி. (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி), சிறப்புக் கல்வி மூன்றும் சேர்த்து ஆறு மாதத்துக்கு 60,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, ஆறே மாதத்தில் பேச வைத்துவிடுவோம் என்றார்கள். அந்தக் கடைசிப் பேச்சிலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை, நகையை அடகு வைத்துக் கட்டினோம்.

பெற்றோர் உள்ளே வரக்கூடாதாம், குழந்தையின் கவனம் சிதறுமாம். 45 நிமிட வகுப்பு 25 நிமிடத்தில் முடியும். மாதத்துக்கு ஒரு டீச்சர். மூன்றாம் மாதம் முன்னேற்ற அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் என் மகன் பெயர், இரண்டாம் பக்கத்தில் "அவள் ஷூ லேஸ் கட்டுகிறாள்" என்று இருக்கிறது. இவன் இன்னும் வெல்க்ரோ செருப்புதான் போடுகிறான்!

அப்புறம்தான் விசாரித்தேன். சிறப்பாசிரியரும் ஸ்பீச் தெரபிஸ்டும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், 1992ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆளுக்கொரு பதிவு எண் உண்டு, சி.ஆர்.ஆர். எண் என்பார்கள், கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டால் "சர்டிஃபிகேட் ஹெட் ஆபீஸில் இருக்கு சார்" என்றார்கள். இருப்பதே ஒரு மாடி, இதில் ஹெட் ஆபீஸ் எங்கே? சரி, மீதிப் பணத்தையாவது கொடுங்கள் என்றேன், ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். 'நன்கொடை' என்று போட்டிருக்கிறது. வாங்கியபோது தொகையை மட்டும்தான் பார்த்தேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் டி.இ.ஐ.சி. என்ற மையமும் இருக்கிறது, 18 வயது வரை பார்ப்பார்கள். ஆட்டிசம் குழந்தைகளுக்கு நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை உண்டு, தெரபி செலவும் அதில் சேரும். இதில் ஒன்றைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது வள மையத்துக்குத்தான் போகிறோம். தினமும் கிடையாது, கூட்டமும் உண்டு. ஆனால் என்னையும் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். போன வாரம் டீச்சர் சட்டைப் பட்டனைப் பாதி நுழைத்துவிட்டு, மீதியை மட்டும் அவனை இழுக்கச் சொன்னார். வீட்டிலும் அப்படியே செய்கிறோம். கீழ் பட்டன் இரண்டும் வந்துவிட்டது.