கார்னுண்டம் போனால் தரையைப் பாருங்கள்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வியன்னா போகிறவர்கள், அரண்மனைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாளைப் பழைய ரோம நகரமான கார்னுண்டத்துக்கு ஒதுக்குங்கள். கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர்தான், எஸ்7 ரயில் போகிறது. ஸ்டேஷன் பெயரே பெட்ரோனெல்-கார்னுண்டம்.

ரோமப் பேரரசு டான்யூப் ஆற்றோடு முடிந்த எல்லையில் இருந்த ஊர் இது. அக்கரையில் மார்க்கோமன்னி, குவாடி இனத்தார். அவர்களோடு போர் நடந்தபோது பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் இங்கே தங்கியிருந்தார். 193இல் செப்டிமியஸ் செவெரஸைப் படைகள் பேரரசராக அறிவித்ததும் இங்குதான். பால்டிக் கடலோரத்து அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) தெற்கே போன வழியும் இதுதான். சண்டையும் சரக்கும் ஒரே இடத்தில். கேரள-தமிழக எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இடிந்த சுவர்களை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தோண்டியெடுத்த அஸ்திவாரங்களின் மேலேயே சில வீடுகளையும் ஒரு பொதுக் குளியல் கூடத்தையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 'புதுசா இருக்கே' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் பிழைத்த எனக்கு இதுதான் பிடித்தது.

முக்கியமாகத் தரை. செங்கல்லை அடுக்கிக் குட்டித் தூண்கள், அவற்றின் மேல் அகலமான ஓடு, அதற்கும் மேல் கனமான காரை. வெளியே இருக்கும் அடுப்பு வாயில் விறகை எரித்தால், சூடு தூண்களுக்கு நடுவே பரவி, சுவருக்குள் பதித்த, உள்ளே வெற்றிடம் உள்ள ஓடுகள் வழியாக மேலே ஏறுகிறது. தரையும் சுவரும் சேர்ந்து காயும். காட்சிப் பொருள் இல்லை, நிஜமாகவே வேலை செய்யும்படி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் படும் இடங்களுக்கு ரோமர்கள் செங்கல் தூள் கலந்த சுண்ணாம்பைப் பூசினார்கள். நம்மூர்ப் பழைய கொத்தனார்கள் சேர்த்த சுர்க்கியும் அதே சரக்குதான். மருமகள் சுவர்ச் சித்திரங்களைப் படமெடுக்க, நான் அடுப்பு வாயிடம் குனிந்தவன் எழவில்லை. "அப்பா, எந்திரிங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்று பையன் தோளைத் தட்டினான்.

வியன்னா தேசிய நூலகத்தில் இருக்கும் பழைய ரோமச் சாலை வரைபடத்தில் கார்னுண்டமும் உண்டு, நம் கேரளக் கரையின் பழைய துறைமுகமான முசிறியும் உண்டு. அந்த முசிறி இருந்த இடமாகக் கருதப்படும், பறவூர் பக்கத்துப் பட்டணம் என்ற ஊரில் அகழ்ந்தபோது கிடைத்த செங்கல் கட்டுமானங்களையும் யாராவது இப்படி முழு அளவில் எழுப்பிக் காட்டினால் முதல் டிக்கெட் எனக்குத்தான்.

கிளாடியேட்டர்கள், அதாவது அரங்கில் சண்டை போட்டுக் காட்டும் வீரர்கள், பயிற்சி பெற்ற பள்ளியின் அசல் கட்டடத்தைத் தேடி அலைய வேண்டாம். தோண்டாமல் ரேடார் வைத்தே கண்டுபிடித்து 2011இல் அறிவித்தார்கள். அது மண்ணுக்கடியில் கிடக்கிறது. ஹைடன்டோர் என்ற 4ஆம் நூற்றாண்டு வளைவை விட்டுவிடாதீர்கள். நான்கு கால்களில் இரண்டுதான் மிச்சம். எதிரே உள்ள கண்ணாடிப் பலகையில் முழு உருவத்தையும் கோடாக வரைந்திருக்கிறார்கள். சரியான இடத்தில் நின்று அதன் வழியே பார்த்தால் இல்லாத கால்களும் வந்து நின்றுவிடும்.

குறை என்றால், எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ராணுவ அரங்கமும் அருங்காட்சியகமும் அடுத்த ஊரான பாட் டாய்ச் ஆல்டன்பர்க்கில். மூட்டு வலிக்காரர்கள் காரில் போங்கள். அப்புறம், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.