அப்லாக்கா, டவுன்லாக்கா? ஃப்ளை ராடுக்கு ஏற்ற ரீல் சீட்

மீன்பிடிக்கும் ஃப்ளை ராடின் முனை கனக்கிறது என்றதும், அதைச் சமன்செய்யக் கனமான ரீல் (லைன் சுற்றும் உருளை) தேடுவார்கள். அதற்கு முன், ரீலை ராடில் பூட்டும் ரீல் சீட்டைப் பாருங்கள்.

அப்லாக்: மரை அடிமுனையில் இருக்கும், நட்டைக் கைப்பிடி நோக்கி இறுக்க வேண்டும்.
டவுன்லாக்: மரை கார்க் கைப்பிடியை ஒட்டி இருக்கும், நட்டை அடிமுனை நோக்கி இறுக்க வேண்டும். ரீல் ராடின் அடிக்கோடியில் உட்காரும்.

சமநிலை: அப்லாக்கிலிருந்து டவுன்லாக்குக்கு மாறினால் ரீல் பின்னால் நகர்வது ஏறக்குறைய 3 செ.மீ.தான், ஆனால் பலன் பெரிது. விரல் தாங்கும் இடத்திலிருந்து 20 செ.மீ. பின்னால் இருந்த 170 கிராம் ரீல் 23 செ.மீ.க்குப் போனால், பழைய இடத்தில் 195 கிராம் ரீல் மாட்டியதற்குச் சமம். ஒரு கிராம்கூட ஏறவில்லை!

உழைப்பு: டவுன்லாக்கில் ராடை நிமிர்த்தி வைத்தால் ரீல்தான் தரையில் இடிபடும். அப்லாக்கில் சீட்டின் அடிமூடி அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

பொருத்துதல்: அப்லாக்கின் மேல் ஹூட் (ரீலின் காலைப் பிடிக்கும் உறை) கார்க்குக்குள் புதையும், அதற்குக் கார்க்கைக் குடைய வேண்டும். எபாக்ஸி பசை கசிந்து ஹூட்டுக்குள் இறுகினால் ரீலின் கால் நுழையாது. ஈரமாக இருக்கும்போதே ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். டவுன்லாக்கில் இந்தத் தொல்லை இல்லை.

இலகுவான ரீலோடு முனை கனக்கும் ராடுக்கு டவுன்லாக். பெரிய மீனுக்கான 8 வெயிட் (கனமான லைனுக்கான) ராடுக்கு, வயிற்றில் ஊன்றும் அடிக்கட்டை தேவைப்படுவதால், அப்லாக்தான்.

ஒட்டுமுன் கைப்பிடி, சீட், வளையங்கள், லைன் சுற்றிய ரீல் எல்லாவற்றையும் ராடில் மாஸ்கிங் டேப்பால் கட்டி, லைனை நுனிவரை கோத்து, ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். கார்க்கின் முன்பகுதியில் நின்றால் ஒட்டலாம்.