மொய்ப் பணத்தில் தொடங்கிய எண்ணெய் மில்: பத்து வருடக் கணக்கு

பேராவூரணிப் பக்கம் சின்னதாக ஒரு தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். அதற்கான முதல் பணம் 2014 ஆடியில் நான் வைத்த மொய் விருந்தில் வந்தது. பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டுவதை இன்று கிரவுட்ஃபண்டிங் என்கிறார்களே, அதைத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் கறிச்சோறு போட்டு, நோட்டில் எழுதிப் பல காலமாகச் செய்துவருகிறோம். புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிகள் வங்கிக்கு அலைவதா, மொய் வைப்பதா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி, ஆவணியில் பத்திரிகை அடித்து விருந்து வைப்போம். முன்பு நான் ஒருவருக்குச் செய்த மொய் அன்று திரும்பி வரும். அதற்கு மேல் அவர் வைப்பது புதுநடை. அந்தப் புதுநடைதான் கடன். அவர் விருந்து வைக்கும் நாளில் நான் திருப்ப வேண்டும். திருப்பும்போது என் பங்குக்கும் கொஞ்சம் கூட்டி வைத்தால் நடை, அதாவது கொடுக்கல் வாங்கல், தொடரும். வாங்கியதை மட்டும் அப்படியே கொடுத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வைக்கலாம்.

எனக்கு வந்தது 9 லட்சம். அதில் மூன்றரை லட்சம் அப்பா காலத்து மொய் திரும்பியது. மீதி ஐந்தரை லட்சம் புதுநடை. ஒரே நாளில் கைக்கு வந்தது, ஜாமீன் இல்லை, பத்திரம் இல்லை. எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் இயந்திரம் வாங்கி, கொப்பரைக் களமும் போட்டேன்.

வட்டியே இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். நாலு பேர் கூட்டாக வைத்தும், ஆடு, அரிசி, பந்தல், பத்திரிகை என்று என் பங்குக்கு 1.8 லட்சம் செலவானது. ஐந்தரை லட்சத்தை வங்கியில் 12 சதவீதத்துக்கு ஐந்து வருடத் தவணையில் வாங்கியிருந்தால் மொத்த வட்டியும் ஏறக்குறைய அதே 1.8 லட்சம்தான். இந்தக் கணக்கை மொய் வைக்கும் முன்பே போட்டுப் பாருங்கள்.

திருப்புவதிலும் வித்தியாசம் உண்டு. வங்கித் தவணை மாதாமாதம் போகும். மொய் ஆடி, ஆவணி இரண்டு மாதத்தில் மொத்தமாக வந்து நிற்கும். ஒரு சீசனில் முப்பது, நாற்பது பத்திரிகை வரும். கொப்பரை விலை இறங்கியிருந்தாலும் போகாமல் இருக்க முடியாது.

ஆனால் எனக்கு உண்மையான பாடம் கஜா புயலில் கிடைத்தது. 2018 நவம்பர் 16 விடியும்போது என் தோப்பில் 110 மரத்தில் 74 சாய்ந்து கிடந்தது. அடுத்த ஆடியில் என் முறை. எனக்கு வர வேண்டியது மட்டும் 6 லட்சம்; வந்தது 4.2 லட்சம். யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. எனக்கு மொய் செய்ய வேண்டியவர்கள் அத்தனை பேரும் தென்னையை நம்பியவர்கள். ஒரே ஊர், ஒரே பயிர், ஒரே புயல். கூட்டம் பெரிதாக இருந்ததே தவிர எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தோம். முறைக்கு மாமன் ஒருவர் பாதிப் பணத்தை வைத்துவிட்டு, "மாப்ள, மீதிய எப்படியும் கொண்டாந்து தந்துருவேன்" என்றார். 2021-ல் வீடு தேடி வந்து கொடுத்தார். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த இக்கட்டில்தான் இணையத்துக்குப் போனேன். சென்னையில் இருக்கும் அக்கா மகன் ஒரு கிரவுட்ஃபண்டிங் தளத்தில் பக்கம் போட்டுக் கொடுத்தான். பங்கு கொடுத்து அப்படிப் பொதுமக்களிடம் பணம் திரட்ட நம் நாட்டில் வழியில்லை. அதனால் எண்ணெயை முன்கூட்டியே விற்றோம். 3 லட்சம் கேட்டோம், 40 நாளில் 1.85 லட்சம் வந்தது. தளத்தின் கமிஷன் போனது. மூடி கசிந்து முப்பது பார்சலை மறுபடி அனுப்பினோம். பணமாகப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை. ஆனால் கொடுத்தவர்கள் சென்னை, பெங்களூர், கோவைக்காரர்கள். எங்கள் மரம் விழுந்ததில் அவர்கள் கை முடங்கவில்லை. இன்றும் நாற்பது குடும்பம் என்னிடம்தான் எண்ணெய் வாங்குகிறது.

பெங்களூருக்கு அனுப்ப ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதால் அப்போது எடுத்தேன். 2022-ல் அதுதான் கைகொடுத்தது. சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் இரண்டாவது இயந்திரத்துக்கு வங்கிக் கடன் கேட்டபோது மூன்று வருட ஜிஎஸ்டி கணக்கு கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். மொய் நோட்டை எந்த வங்கியிலும் காட்ட முடியாது, அதில் எத்தனை லட்சம் புரண்டிருந்தாலும் சரி. ஏழு மாதம் அலைந்தேன், ஒரே காகிதத்தை மூன்று தடவை கேட்டார்கள். ஆனாலும் 35 சதவீத மானியம் கிடைத்தது. நம் கைப்பணமாக 10 சதவீதம் போட வேண்டியிருந்தது.

2024-ல் மறுபடி விருந்து வைத்தேன். இந்த முறை தொழிலுக்காக இல்லை, வெளியில் நின்ற நடையை வாங்குவதற்காக. பெரிய தொகைகளை முடித்துக்கொண்டு வருகிறேன். ஐந்நூறு, ஆயிரம் நடையை விட மனமில்லை, அது சொந்தம். இன்னும் 61 பேருக்கு நான் திருப்ப வேண்டும். வரும் ஆடியில் ஒன்பது பேர் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணத்தைப் போன வாரம் கொப்பரை விற்ற கையோடு தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.