12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்: தண்ணீர் புகுந்த கடற்கரை வீட்டுக்கு எவ்வளவு தேறும்?

2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் வீட்டுக்குள் ஏறிய தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும்; சுவரில் ஏறிய ஓதம் பங்குனி வந்தாலும் போகாது. அதற்கு மருந்தாக எலக்ட்ரிக்கல் கடைகளில் எடுத்துக் கொடுப்பது 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். லேபிளில் 300 மி.மீ. என்று இருக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் நாலைந்து நாளைக்கு, இந்த விலையில் இதைவிட நல்ல சாமான் கிடையாது. அதற்குப் பிறகும், கடல்நீர் பட்ட வீட்டிலும், இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

ஃபேன் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. உள்காற்றை வெளியே தள்ளி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, அவ்வளவுதான். வெளிக்காற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால்தான் லாபம். ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஒரு கன மீட்டர் காற்று 27 டிகிரியில் சுமார் 26 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். வீட்டுக்குள் 27 டிகிரி, 90 சதவீதம். வெளியே 30 டிகிரி, 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு 15 சதவீத வித்தியாசம். கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் 23 கிராம்தான். ஃபேன் சும்மா சுற்றுகிறது. அதே 30 டிகிரியில் வெளியே 60 சதவீதமாக இறங்கினால் 18 கிராம். இப்போது ஒவ்வொரு கன மீட்டரும் 5 கிராமை வெளியே எடுத்துப் போகும். மணிக்கு 1,000 கன மீட்டர் என்று லேபிள் சொன்னாலும் கொசுவலை, ஷட்டர் எல்லாம் தாண்டிப் பாதி வந்தால் பெரிது. 500 என்று வைத்தாலும் மணிக்கு இரண்டரை லிட்டர். சுவர் காயக் காய இந்த வேகம் இறங்கிக்கொண்டே வரும்.

ஆகவே ஃபேனோடு சேர்த்து இரண்டு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். ஒன்று அறைக்குள், ஒன்று வெளியே நிழலில். மலிவுச் சாமான் என்பதால் முதலில் சோதிக்க வேண்டும்: ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள்.

மழை விட்ட நாளில் பெரும்பாலும் காலை 11-லிருந்து 4 மணி வரை ஃபேனுக்கு நல்ல நேரம். வாடைக்காற்றோடு தூறல் விழும்போது அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துங்கள். ஈரக்காற்று குளிர்ந்த மொசைக் தரையில் பட்டால் தரை வேர்க்கும். துடைத்த இடம் மறுபடி நனைந்திருப்பது அதனால்தான்.

மாட்டும் முறையில்தான் பாதி வெற்றி. ஜன்னல் அளவுக்கு ப்ளைவுட் வெட்டி, அதன் மேல்பகுதியில் ஃபேனைப் பொருத்தி, சுற்றியுள்ள இடுக்கை டேப் போட்டு அடைக்க வேண்டும். இடுக்கு இருந்தால் தள்ளிய காற்றே திரும்பி வரும். எதிர்ச்சுவரில், கீழ்மட்டத்தில், ஃபேன் வட்டத்தைப் போல இரண்டு மடங்கு திறப்பு விடுங்கள். பக்கத்து ஜன்னலைத் திறந்தால் காற்று அங்கிருந்தே குறுக்கே ஓடிவிடும். மூலைகள் அப்படியே ஊறிக் கிடக்கும். திறப்பு போதாவிட்டால் ஃபேன் பாத்ரூம் சாக்கடைத் துளை வழியாகக் காற்றை இழுக்கும். வீடெல்லாம் கக்கூஸ் நாற்றம் அடித்தால் ஃபேனைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே அறை. மற்ற கதவுகள் சாத்தியிருக்கட்டும். கூடவே ஒரு பெடஸ்டல் ஃபேனைச் சுவரை ஒட்டிச் சாய்வாக ஓடவிடுங்கள். கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்: வெயில் மட்டும் போதாது, மேலே காற்று தடவிக்கொண்டு போக வேண்டும். சுவரில் ஏற்கெனவே பூஞ்சணம் பூத்திருந்தால் முதலில் ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டுத்தான் இதெல்லாம்.

தண்ணீர் ஏறிய சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து எலக்ட்ரீஷியன் பார்க்காமல் எந்த ஃபேனையும் செருக வேண்டாம். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது அவசியம்.

இனி உப்பு. மழைநாளில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீர் ஊறிய சுவரும் அந்த ஜாடிதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு தண்ணீரை இழுக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுக்கும். நம் கரையில் மழைக்காலம் முழுக்க ராத்திரி ஈரப்பதம் அதற்கு மேல்தான். பகலில் ஃபேன் எடுத்ததை ராத்திரி சுவர் திரும்ப வாங்கிக்கொள்ளும். எனவே ஃபேனுக்கு முன்னால் கழுவல்: ஈரம் காய்வதற்குள் நல்ல தண்ணீரை மேலிருந்து கீழாகத் தெளித்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, இரண்டு மூன்று முறை. உவர்ப்பான போர் தண்ணீரில் கழுவினால் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. பிறகு வெள்ளையாகப் பொரிந்து வரும் உப்பை மட்டும் கழுவக் கூடாது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, காகிதத்தில் ஏந்தி, வெளியே கொட்ட வேண்டும். பழைய பவளக்கல், சுண்ணாம்புக் காரை வீடுகளில் ஈரம் தானாக வெளிவரும். அதன்மேல் அவசரத்துக்கு சிமென்ட் பூசி அடைத்துவிடாதீர்கள்.

ஃபேன் வாங்கும்போது, மோட்டார் தண்டு வெறும் புஷ் வளையத்தில் சுற்றுவதைத் தவிர்த்து, குண்டுகள் மேல் சுற்றும் பால் பேரிங் வைத்ததைக் கேளுங்கள். இறக்கை அலுமினியமாக இருந்தால் நல்லது; பெயின்ட் அடித்த இரும்பில் முதல் கீறலிலேயே துரு ஏறும். மோட்டார் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஓடாமல் முனகினால் பெரும்பாலும் கண்டென்சர்தான், மாற்றிவிடலாம். லேபிளில் 50 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட்.

காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராகப் பிடித்தெடுக்கும் டிஹியூமிடிஃபையர் விலையில் வேறு ஜாதி. '20 லிட்டர்' என்பது 30 டிகிரி, 80 சதவீதத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் கிடைப்பது. முதல் நாட்களில், நல்ல நேரத்தில், மணிக் கணக்கில் பார்த்தால் ஃபேன் அதைத் தோற்கடிக்கும். ஆனால் ஃபேனால் வெளிக்காற்றைவிட உலர்வாக அறையை ஆக்க முடியாது, டிஹியூமிடிஃபையரால் முடியும். ஐந்தாம் நாளிலிருந்து அதை வாடகைக்கு எடுத்து, அறையை மூடி ஓட்டுவது சரி. ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டினால் பாக் ஜலசந்தியையே உலர்த்தக் கிளம்பிய கதை. வீட்டில் ஏசி இருந்தால் டிரை மோடும் அதே வேலையைச் செய்யும். கம்ப்ரஸர் இல்லாத குட்டிப் பெட்டிகள் பெரும்பாலும் நாளுக்கு அரை லிட்டர்கூட எடுக்காது. அவை துணி அலமாரிக்கு.

மேல்பூச்சு மூன்று நாளில் காய்ந்ததுபோலத் தெரியும். செங்கல் சுவர் உள்வரை காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. இரண்டடி சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் பெயின்டரை இன்னும் கூப்பிட வேண்டாம்.