மலைத் தோட்டத்துக்கு எந்த அளவு டிராக்டர்? இறக்கத்தில்தான் தெரியும்

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம், ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆறு ஏக்கர். பாதிக்கு மேல் நிழல் மரத்தடியில் காப்பியும் மிளகும். மீதியில் மலைவாழை, பட்டர் ஃபுரூட், ஓடையை ஒட்டிய மட்டங்களில் (படிபடியாக வெட்டிய சமநிலத்தில்) பீன்ஸ், சௌசௌ பந்தல். தார் ரோடு மேலே, தோட்டம் கீழே. எருவும் உரமும் பாரமாக இறங்கும், பழமும் வாழைத்தாரும் பாரமாக ஏறும். முன்பெல்லாம் குதிரையும் தலைச்சுமையும்தான். சில வருஷமாக 24 ஹெச்.பி. ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) மினி டிராக்டர் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அளவை விட்டுவிட்டுப் பெயரில் போய் நின்றுவிடும்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "ஏக்கர் எவ்வளவு, அதுக்கு எத்தனை ஹெச்.பி. வேணும்?" என்பதைத்தான். இது சமவெளிக் கணக்கு. அங்கே உழவு நேரம்தான் செலவு, அதனால் ஏக்கரை வைத்து ஹெச்.பி.யைச் சொல்லலாம். எங்கள் வண்டியின் மணிக்கணக்கில் உழவு கால்வாசிகூட வராது. மற்றதெல்லாம் டிரெய்லர் இழுப்பு. அதனால் மலையில் வண்டியின் அளவைத் தீர்மானிப்பது ஏக்கர் இல்லை, பாதை. அதிலும் பாரத்தோடு இறங்குகிற பாதை.

முதலில் உங்கள் பாதையின் சரிவை அளந்துகொள்ளுங்கள். பத்தடி ரீப்பர் ஒன்று, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று, டேப் ஒன்று போதும். ரீப்பரின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, மறுமுனையை மட்டம் வரும்வரை தூக்கிப் பிடியுங்கள். அந்த முனையிலிருந்து தரை எத்தனை அடி கீழே இருக்கிறதோ அதைப் பத்தால் பெருக்கினால் சரிவின் சதவீதம். இரண்டடி என்றால் 20 சதவீதம். எங்கள் பாதையில் மோசமான இடம் அவ்வளவு வரும். கண்ணுக்குச் சாதாரண மேடாகத்தான் தெரியும்.

அந்த 20 சதவீத மேட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராக்டர் 900 கிலோ, டிரைவர் எழுபது எண்பது, பாரத்தோடு டிரெய்லர் 1,200 கிலோ. கிட்டத்தட்ட 2,200 கிலோ. இதை மேலே இழுக்கப் புவியீர்ப்பை வெல்ல மட்டும் 430 கிலோ இழுவிசை வேண்டும். மண் பாதையில் சக்கரம் உருளுகிற தடைக்கு இன்னொரு நூறு சேருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற இதற்குச் சக்கரத்தில் சுமார் 10 ஹெச்.பி. போதும். அதாவது 15 ஹெச்.பி. வண்டிக்கும் லோ கியரில் சக்தி உண்டு. ஷோரூம்காரர்கள் "தாராளமா இழுக்கும் சார்" என்று சொல்வது பொய்யில்லை.

பிரச்சினை பிடிப்பில் இருக்கிறது. காய்ந்த கெட்டி மண்ணில் டயர், தன் மேல் இருக்கும் எடையில் அறுபது எழுபது சதவீதம்வரை இழுக்கும். ஈரச் செம்மண்ணில் அது முப்பது நாற்பதுக்கு இறங்கிவிடும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டியில் அந்தச் சக்கரங்கள் மேல் இருப்பது 600 கிலோ என்று வைத்தால், காய்ந்த தரையிலேயே 400 கிலோ இழுவையைத் தாண்டாது. மேலே சொன்ன பாரத்துக்கு அது பற்றாது, நின்ற இடத்தில் சக்கரம் சுற்றும். நான்கு சக்கரமும் இழுத்தால் காய்ந்த நாளில் ஒருவழியாக ஏறிவிடும். மழை நாளில் அதற்கும் முடியாது, பாரத்தைப் பாதியாகக் குறைத்தே ஆக வேண்டும். எங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழையும் காப்பிப் பழ அறுவடையும் ஒன்றாகத்தான் வரும். ஆகவே இந்தக் கணக்கு வருஷத்தில் மிக முக்கியமான மாதங்களின் கணக்கு.

இதைவிடப் பெரிய விஷயம் இறக்கம். டிராக்டரின் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. இங்கே ஓடும் சிறிய டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் அதே கியர் வரிசையில் கோர்த்திருப்பதால், எஞ்சின் பிடிப்பும் (கியரில் இருக்கும் எஞ்சின் வண்டியை ஓடவிடாமல் இழுத்துப் பிடிப்பது) பிரேக்கும் நான்கு சக்கரத்துக்கும் போய்ச் சேரும். எடை குவிந்திருக்கும் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைப்பதுதான் ஆளைக் காப்பாற்றும். ஃபோர் வீல் என்றால் மேடு ஏற என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது முக்கியமாக இறங்குவதற்கு.

எங்களிடம் வண்டி ஓட்டும் தம்பி, எரு ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தின் தலைப்பில் வந்ததும் ஒவ்வொரு முறையும் நிறுத்துவான். ஃபோர் வீல் லிவரைப் போடுவான். லோவில் முதல் கியர். இரண்டு பிரேக் பெடலையும் சேர்க்கிற தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான், ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிவிடும். கை ஆக்சிலேட்டரை முழுதாகக் குறைப்பான். கிளட்சை விட்டதும் அந்தக் காலை எடுத்துப் பலகையில் வைத்துவிடுவான், கீழே போய்ச் சேரும்வரை கிளட்ச் பக்கம் கால் போகாது. பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்தாலோ நியூட்ரல் ஆக்கினாலோ எஞ்சின் பிடிப்பு போய்விடும், அப்புறம் திரும்பக் கியர் விழாது. வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் "என்ன தம்பி, நடந்து போனா முன்னாடி போயிடலாம் போல" என்றார். "போங்கண்ணே, போய் கீழ நில்லுங்க. வண்டிக்கு நேரா மட்டும் நிக்காதீங்க" என்றான்.

அடுத்தது எடை. ஹெச்.பி. கூடினால் எடையும் கூடும் என்று நினைக்காதீர்கள். சுவராஜ் 717 15 ஹெச்.பி., எடை சுமார் 850 கிலோ. குபோட்டா நியோஸ்டார் பி2441 24 ஹெச்.பி., ஃபோர் வீல், எடையோ 650 கிலோ அளவுதான். ஜான் டீர் 3028இஎன் 28 ஹெச்.பி., ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும். மூன்றும் மினி டிராக்டர் என்றே விற்கப்படுகின்றன. லேசான வண்டி மட்டத்தில் மண்ணை அழுத்தாது, வரப்பு சரியாது, மரத்தடியில் சுலபமாக நுழையும். ஆனால் பாரமான டிரெய்லர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே லேசான வண்டி எடுத்தால் டிரெய்லரையும் சின்னதாக எடுங்கள். இறக்கத்தில் டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் எடையைத் தாண்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. மேலே போட்ட கணக்கு காய்ந்த நாளில் ஏறுவதற்கு. இறங்கும்போது நாங்கள் 1,200 கிலோ வைப்பதில்லை.

பின் டயர்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினோம். எடை கீழேயே சேர்வதால் பிடிப்பும் கூடுகிறது, வண்டி பக்கவாட்டில் சாய்வதும் குறைகிறது. செலவே இல்லாத மாற்றம், ஏன் பலர் செய்வதில்லை என்று தெரியவில்லை.

பெரிய வண்டி எடுத்தால் என்ன? 40 ஹெச்.பி. வண்டி ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தோம். எடை இரண்டு டன் பக்கம், அகலம் ஐந்தரை அடி. சக்திக்குக் குறையே இல்லை, ஆனால் எங்கள் இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரோடு திரும்பவே இல்லை. பாதையை அகலப்படுத்தலாம் என்றால் மலையில் மண்வெட்டும் இயந்திரத்தை நினைத்தபடி கொண்டுவர முடியாது, அனுமதி வேண்டும். வெட்டின கரையும் அடுத்த மழைக்குச் சரியும். கல்கட்டு மட்டங்களின் ஓரத்தில் இரண்டு டன் நின்றால் கல் வெளியே வரும். மினி டிராக்டரின் அகலம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் டெமோ வண்டியை ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. உங்கள் தோட்டத்தின் மிகக் குறுகலான வளைவுக்கு, பாரம் ஏற்றின டிரெய்லரோடு கொண்டுவரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். விற்க வேண்டியவர்கள், வருவார்கள்.

பவர் டில்லரைப் பற்றியும் கேட்கிறார்கள். 13 ஹெச்.பி. டில்லர் ஓடைப் பக்கத்து மட்டங்களில் அருமையான உழவுக் கருவி. டிரெய்லர் மாட்டி மலைப் பாதையில் இறக்குவது வேறு கதை. சமதளத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் வண்டி எஞ்சினைத் தள்ளும்போது, பிடித்த பக்கத்துச் சக்கரம் விடுபட்டு வேகமாக ஓடும், வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். பழகின கையே பதற்றத்தில் தப்பாகப் பிடித்துவிடும். எங்கள் பாதையில் அதற்கு இடமில்லை என்று முடிவு செய்தோம்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். 24 ஹெச்.பி. எங்கள் உயரத்தில் 21தான். பி.டி.ஓ.வில், அதாவது கருவிகளைச் சுற்றவைக்கும் பின்பக்க அச்சில், வருவது அதிலும் குறைவு. அதனால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் அகலத்தை மூன்றரை அடியோடு நிறுத்திக்கொண்டோம். நான்கடி போட்டவர்களின் வண்டி கரும்புகை விடுவதைப் பார்க்கிறேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.டி.ஓ. ஸ்பிரேயர் நன்றாக ஓடுகிறது. குழி தோண்டும் ஆகர் மண் கண்ட இடத்தில் வேகம், கல் கண்ட இடத்தில் ஷியர் போல்ட் (கருவியைக் காப்பாற்றத் தான் உடையும் போல்ட்) போய்விடும், பையில் பத்துப் போல்ட் இருக்கட்டும். ஆறடிக்கு ஆறடி நட்ட பழைய காப்பிக்குள் எந்த டிராக்டரும் போகாது. அங்கே களைக்கு பிரஷ் கட்டர்தான். சரிவின் குறுக்கே உழுவதில்லை, மட்டங்களில் மட்டும் உழவு. சரிவான நிலத்தில் உழுதால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும் என்பது ஒருபுறம், வண்டியும் கூடவே போகும் என்பது மறுபுறம்.

கம்பி வளையம், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஆளை நசுக்காமல் தாங்கும் சட்டம், இதில் மட்டும் பேரம் வேண்டாம். ஸ்வீடனில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் ஊரில் கிளை தட்டுகிறது என்று கழற்றி வைக்கிறார்கள். மடக்குகிற மாதிரி கிடைக்கிறது, மரத்தடியில் மடக்கிக்கொள்ளலாம், பாதைக்கு வந்ததும் நிமிர்த்தி பெல்ட் போட வேண்டும். வளையம் இருந்து பெல்ட் இல்லை என்றால் தூக்கி எறியப்பட்டு அதே வளையத்துக்கு அடியில் விழலாம். இன்னொன்று: மேட்டில் மாட்டிக்கொண்ட மரக்கட்டையை இழுக்கச் சங்கிலியை டாப் லிங்க் கொக்கியில் (பின்பக்கம் மேலே கருவி மாட்டும் இடத்தில்) போடாதீர்கள். கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டும். உயரத்தில் மாட்டினால் முன் சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகக் கவிழும். இரண்டு வினாடிகூட ஆகாது, குதிக்க நேரம் கிடைக்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. முன் ஆக்சிலின் ஆயில் சீல் ஒழுகியது. சேற்றில் ஓடும் ஃபோர் வீல் வண்டிக்கு அது வரும், ஆனால் சீல் வர எடுத்த நாட்கள்தான் கோபம். சர்வீஸ் ஆள் அடிவாரத்திலிருந்து மேலே வர வேண்டும், அறுவடைச் சமயம் அவர்களுக்கும் மலை தூரமாகிவிடும். சீட் இடுப்புக்கு ஆகாது. தார் ரோட்டில் ஃபோர் வீலை விடுவிக்க மறந்து ஓட்டினால் முன் டயர் சீக்கிரம் தேய்கிறது. டீசல் இழுப்பு வேலைக்கு மணிக்கு இரண்டரை லிட்டர் சுற்றி. டிரை பிரேக் வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள், எண்ணெயில் மூழ்கி ஓடும் ஆயில் பிரேக் என்று உறுதி செய்த பிறகு பேசுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பழைய விலைப்பட்டியலை நம்பிப் போகாதீர்கள். மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள், நீங்கள் விரும்புகிற மாடல் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பாதை 10 சதவீதச் சரிவுக்குள் இருந்து, மழையில் சேறாகாமல் கல் பாவியிருந்தால் 15 ஹெச்.பி. டூ வீல் போதும், மிச்சப் பணத்துக்குப் பாதையைச் சரி செய்யலாம். அதைத் தாண்டினால் 24 முதல் 28 வரை, ஃபோர் வீல், எடை ஒரு டன்னை ஒட்டி. 25 சதவீதத்துக்கு மேல் நீளமான இறக்கம் இருந்தால், அந்தத் துண்டை மட்டும் குதிரைக்காரரிடமே விட்டுவிடுங்கள். நாங்களும் ஓடைக்கு மேலே இருக்கும் கடைசி மிளகுக் காட்டுக்கு இன்றும் அவரைத்தான் கூப்பிடுகிறோம்.