ஸ்ரிக்கரை உரித்துப் பாருங்கள்

அவசரக்காரருக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிமோட் விமானம் செய்ய “முழு செட்” என்று வட்ஸ்அப்பில் விற்கிறார்கள். மோட்டர், ஈஎஸ்சி, பற்றரி, நாலு சேர்வோ, ரிமோட், பிளான், போம் போட் எல்லாம் சேர்த்து 34,500 ரூபா. ஈஎஸ்சி என்றால் மோட்டருக்குப் போகிற கரண்டைக் கூட்டிக் குறைக்கிற சாமான். சேர்வோ என்றால் சிறகு, வால் மடல்களை அசைக்கிற குட்டி மோட்டர். போம் போட் என்றால் நடுவில் போம், இரண்டு பக்கமும் கடதாசி ஒட்டிய மட்டை. நான் வாங்கினேன். ரிமோட்டும் சேர்வோவும் சொன்ன சாமான்தான். மற்றதெல்லாம் ஒன்றின் மேல் இன்னொன்றின் பெயரை ஒட்டி அனுப்பியவை.

இதில் எனக்குப் பெரிய வெட்கம் என்னவென்றால், என் தொழிலே மோட்டர்தான். பரந்தனில் தண்ணீர்ப் பம்பிகளுக்கு வைண்டிங் செய்கிறேன். செப்புக் கம்பியைக் கண்ணால் பார்த்தே கேஜ் சொல்லுகிற ஆள் என்று ஊரில் பெயர். அந்த ஆளுக்கே ஒரு சின்ன மோட்டரில் நாமம் போட்டுவிட்டார்கள்.

அக்காவின் மகனுக்கு 14 வயது. ரெஜிபோமில் கிளைடர் வெட்டி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தவன் போன தையில் வந்து, “மாமா, மோட்டர் வைச்சுப் பறக்கிற கிபிர் செய்வமா?” என்று கேட்டான். அவன் கிபிரைக் கண்டவனில்லை. வன்னியில் குண்டு போட வந்த எந்த ஜெட்டுக்கும் எங்கள் சனம் வைத்த பெயர் அது. அடுப்படியில் இருந்த அம்மா கையை நிறுத்திப்போட்டு, “என்ர வளவுக்குள்ள அந்தப் பேரும் வரக்கூடாது” என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

அப்படித்தான் ஹரிக்கேனுக்கு வந்தோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது, சீனன்குடாவிலிருந்து எழும்பி மறித்தவை பிரித்தானியரின் ஹரிக்கேன்கள். எங்கள் கடலுக்கு மேல் பறந்த விமானம், அம்மா பயந்த காலத்துக்கும் முந்தியது. அம்மாவுக்கு இந்த விளக்கம் எடுபடவில்லை. “எந்தப் பிளேன் எண்டாலும் பிளேன்தானே” என்றார். ஆனால் மறிக்கவில்லை.

செய்வதற்கும் அது தோதான விமானம். உண்மை ஹரிக்கேனின் சிறகு 40 அடி. அடிக்கு ஓர் அங்குலம் என்று எடுத்தால் 40 அங்குலம், ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. சிறகு தடிப்பானது, போம் போட்டை மடித்தால் அந்த வடிவம் லேசாக வரும். பின்னுடல் அசலிலும் மரச் சட்டத்தின் மேல் துணி இழுத்துப் போர்த்தியதுதான். அந்தச் சட்டக் கோடுகளைப் பெடியன் பேனையாலேயே வரைந்துவிட்டான்.

சாமானுக்குத்தான் ஆள் தேடினோம். முகநூலில் ஒரு பக்கம். வட்ஸ்அப்பில் எடுத்தால் நல்ல தமிழ்க் குரல், “அண்ணா, நாங்கள் வவுனியாதான், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.” பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு விலாசமும் தந்தார். பிறகு நான் நேரே போய்ப் பார்த்தபோது அங்கே இருந்தது ஒரு ஜூஸ் கடை. அவர்களுக்கு இவரைத் தெரியவே தெரியாது, பாவம், என்னைப் போல வேறு ஆட்களும் வந்து கேட்டிருக்கிறார்கள்.

பார்சல் கொரியரில் வந்தது. காசு கொடுத்த பிறகுதான் உடைக்க விடுவார்கள். கொரியர்க்காரனில் பிழையில்லை, அவனுக்குச் சொன்ன ஒழுங்கு அப்படி. “சாமான் வந்த பிறகு காசு” என்றால் பார்த்துவிட்டுக் காசு என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம்.

பிளானில் இருந்த குளறுபடியை மட்டும் நான் உடனே பிடித்தேன். இணையத்தில் சும்மா கிடைக்கிற பிளான் அது. வரைந்தவரின் பெயர் இருந்த மூலையை வெட்டிவிட்டு, பல ஏ4 தாள்களில் அச்சடித்து அனுப்பியிருந்தார். தாள்களை ஒட்டிச் சிறகை அளந்தால் 40 அங்குலம் இல்லை, 37 அரை. அச்சடிக்கும்போது தாளுக்கு அடங்கச் சுருக்கியிருக்கிறார்கள். 5 மில்லிமீற்றர் போம் போட் நுழைய வேண்டிய வெட்டுகள் எல்லாம் ஒடுங்கிப்போயின. கிளிநொச்சியில் ஒரு கடையில் முழு அளவில் திரும்ப அச்சடித்தேன். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது போம் போட். “பிளேனுக்கெண்டே வந்த லேசான போட்” என்று ஒரு தாளுக்கு 1,900 ரூபா போட்டிருந்தார். 20க்கு 30 அங்குலத் தாளைக் கடைத் தராசில் வைத்தால் 220 கிராம். மொடல் விமானக்காரர் விரும்பும் லேசான தாள் அதே அளவில் 120 கிராமுக்கு உள்ளேதான் இருக்கும். இது பாடசாலைக் கண்காட்சிக்குப் படம் ஒட்டுகிற சாதாரணப் போட். கடதாசி தடிப்பு, பசை தடிப்பு. இதே போட்டைப் புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கலாம். உள்பக்கக் கடதாசியை உரித்துவிட்டால் பாரம் குறையும், உடலை உருட்டி வளைக்கவும் லேசு. ஆனால் இந்தப் போட்டில் உரிக்க வெளிக்கிட்டால் போமும் சேர்ந்து பிய்ந்து வந்தது. ஈரத் துணியால் ஊறவைத்து ஊறவைத்து ஒரு கிழமை உரித்தோம்.

செய்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இரவு கடை பூட்டிய பிறகு மேசையில் மின்விளக்கைப் பதித்து வைத்துக்கொண்டு வெட்டுவோம். ஒரு பக்கக் கடதாசியையும் போமையும் வெட்டி, மறுபக்கக் கடதாசி வெட்டுப்படாமல் கத்தியை நிறுத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும், அது அவனுக்கு என்னைவிட நல்லாக வந்தது. சிறகின் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மடிப்பு, முன் விளிம்புக்கு உள்ளே மூங்கில் குச்சி, மூட்டெல்லாம் குளூ கன். மூக்கு குட்டை என்பதால் ஹரிக்கேன் எப்போதும் பின்பாரம். சமநிலைப் புள்ளி சிறகின் முன் விளிம்பிலிருந்து சுமார் 5 சென்ரிமீற்றரில் வரவேண்டும். எங்களுடையது வாலைக் கீழே போட்டுக்கொண்டு நின்றது. முல்லைத்தீவில் மச்சான் வலைக்குக் கட்டுகிற ஈயமணி 60 கிராம் மூக்குக்குள் போன பிறகுதான் நேரே நின்றது.

ஏன் அவ்வளவு ஈயம்? பற்றரி லேசு. 3 செல், 2,200 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்திருந்தது. அந்த அளவு லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி 180 கிராம் மட்டில் நிற்க வேண்டும். இது 128. முதல்நாள் சார்ஜரில் போட்டபோது ஒரு செல் 3.5 வோல்ற்றில் இருந்தது, அதாவது கிட்டத்தட்ட வெறும் பற்றரி. நிரம்பும் வரை ஏறியது 1,150 மில்லி அம்பியர் மணிதான். பாதிதான் கொள்கிறது என்று சார்ஜரே சொல்கிறது, நானோ சார்ஜர் பழசு என்று நினைத்தேன்.

இனி மோட்டர். ஸ்ரிக்கரில் 1000 கேவி. கேவி என்பது, பாரம் இல்லாமல் ஒரு வோல்ற்றுக்கு மோட்டர் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற கணக்கு. 11.1 வோல்ற்றில் 1000 கேவி மோட்டர் 11,000 சொச்சம் சுற்றும், 10 அங்குல புரொப்பெல்லரைத் தாங்கும். 2200 கேவி என்றால் 24,000க்கு மேல். அதற்கு 6 அங்குலம்தான் போடலாம். ஸ்ரிக்கரை நம்பி நாங்கள் போட்டது 10 அங்குலம். சுருளில் சுற்று குறைந்தால் வேகம் கூடும், கரண்டும் கூட இழுக்கும். இதை நான் பம்பி கொண்டுவருகிற கமக்காரருக்குப் பாடம் எடுக்கிறவன். இந்த மோட்டரின் வாய்க்குள் பார்த்தபோது கம்பி தடிப்பாக, சுற்று குறைவாகத்தான் தெரிந்தது. சின்ன மோட்டர்கள் இப்படித்தானாக்கும் என்று விட்டுவிட்டேன்.

பெடியன் ஒருநாள் சொன்னான், “மாமா, ஸ்ரிக்கருக்குக் கீழ ஏதோ எழுதியிருக்கு.”

“சும்மா நோண்டாத. பிறகு வாரண்டி இல்லை எண்டுவாங்கள்.”

நான் சொன்னதுதான்.

பறக்கவிட அனுமதி ஒன்றும் தேவையில்லை, விளையாட்டுச் சாமான் என்று அந்த ஆள் சொன்னதும் பொய். ஆளில்லாமல் பறக்கிறவற்றுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் முற்றாகவே நிறுத்தியும் வைத்திருந்தார்கள். கேட்காமல் எழுப்பாதீர்கள், எங்கள் பக்கம் முகாம்களுக்குக் கிட்ட என்றால் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, மிதிவெடிச் சிவப்புப் பலகை இருக்கும் காணியோரம் வேண்டவே வேண்டாம். விமானம் விழுவது நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

பங்குனியில், காலபோகம் வெட்டின வயலில், விடிய ஆறரைக்கு நின்றோம். சோளகம் தொடங்கினால் பிறகு ஆவணி தாண்டும் வரை காற்று விடாது என்ற அவசரம் வேறு. விமானம் மொத்தம் 1,150 கிராம், நாங்கள் போட்ட கணக்கு 850. நான் கையால் எறிய, அவன் முழுக் கரண்டைக் கொடுத்தான். ஏறியது, உண்மையிலேயே ஏறியது. பனை உயரம் போய் இடப்பக்கம் திரும்பும்போது மூக்கிலிருந்து புகை வந்தது. சத்தம் நின்றது. “மாமா, கேக்குதில்லை, ஒண்டும் கேக்குதில்லை” என்று அவன் ரிமோட்டின் தடியைப் பிடித்து ஆட்டுகிறான். ஈஎஸ்சி எரிந்தால் ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் போகிற மின்சாரமும் அதோடு போய்விடும். ஏழெட்டு செக்கன்தான் பறந்திருக்கும். வரம்பில் மூக்கால் குத்தியது. பற்றரி தலகணி மாதிரி ஊதிப்போய்க் கிடந்தது. தூக்கி வாய்க்கால் மணலுக்குள் புதைத்துவிட்டுத் தள்ளி நின்றோம்.

வீட்டுக்கு வந்து ஸ்ரிக்கரை உரித்தேன். கீழே உலோகத்தில் அடித்திருந்தது 2200.

பிறகுதான் செய்ய வேண்டிய சோதனையைச் செய்தேன். உங்களுக்காக எழுதுகிறேன், ஐந்து நிமிட வேலை. மோட்டரின் தண்டை ஹான்ட் ட்ரில்லில் பிடித்து முழு வேகத்தில் சுற்றுங்கள். மூன்று வயரில் எந்த இரண்டுக்கும் இடையில் மல்ரிமீற்றரை ஏசி வோல்ற்றில் வையுங்கள். வரும் வோல்ற்றை 1.34 ஆல் பெருக்கி, ட்ரில்லில் எழுதியிருக்கும் சுற்று எண்ணிக்கையை அதால் பிரித்தால் கேவி மட்டாக வரும். என் ட்ரில் 2,800 சுற்று. 1000 கேவி என்றால் 2.1 வோல்ற் காட்டியிருக்க வேண்டும். காட்டியது 0.9. ஈஎஸ்சியின் கறுப்பு உறையையும் வெட்டிப் பார்த்தேன். 30 அம்பியர் என்று அச்சு, உள்ளே டிரான்சிஸ்டர் இருக்க வேண்டிய இடங்களில் பாதி வெறும் ஈயப் புள்ளி.

படங்களோடு அனுப்பினேன். “நீங்கள் பிழையா வயர் குடுத்திருக்கிறியள் அண்ணா” என்று ஒரு குரல்பதிவு. ஸ்ரிக்கர் உரித்த மோட்டரின் படம் போனதும் என்னை புளொக் பண்ணிவிட்டார். பற்றுச்சீட்டு என்று தந்தது கையால் எழுதிய துண்டு, பதிவிலக்கம் இல்லை. நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977க்கு அடித்தால் கேட்கப்போகிற முதல் கேள்வி யாரிடம் வாங்கினீர்கள் என்பதுதான். அதற்கு என்னிடம் இருப்பது ஒரு வட்ஸ்அப் இலக்கமும் ஜூஸ் கடை விலாசமும்.

மருமகன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த 2200 மோட்டருக்கு 6 அங்குல புரொப்பெல்லர் போட்டு, சின்னதாக ஒன்று வரைந்துகொண்டிருக்கிறான். புது ஈஎஸ்சி கொழும்பில் கடைக்கே போய், தராசில் வைத்துப் பார்த்து வாங்கியது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன கிழமை வேறு பெயரில் ஒரு பக்கம் கண்டேன். அதே முழு செட், விலை 36,000. விளம்பரப் படத்தில் “கிளிநொச்சி வாடிக்கையாளர் செய்தது” என்று ஒரு ஹரிக்கேன் நிற்கிறது. பறக்கவிடுவதற்கு முதல்நாள் சந்தோஷத்தில் நான் அவருக்கு அனுப்பிய படம். விமானத்துக்குப் பின்னால் கொடியில் ஒரு நீலச் சீலை காயும், பாருங்கள். அது என் அம்மாவின் சீலை.