கறிவேப்பிலைப் புழுவா, ஞாயிற்றுக்கிழமை வகுப்பா?

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். பூச்சிகளைப் பற்றிச் சொல்லித்தர கோவையில் எங்களுக்குக் கிடைத்தவை மூன்று வழிகள்: அருங்காட்சியகம், வீட்டுக் கறிவேப்பிலைச் செடி, காசு கட்டிச் சேரும் ஞாயிற்றுக்கிழமைப் பூச்சி வகுப்பு.

வேளாண் பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2018இல் திறந்தது, அருமையான இடம். ஆனால் நாலு பூச்சியையாவது பழகிய பிள்ளைக்குத்தான் அங்கே ருசிக்கும். முதல் பாடத்துக்கு வேண்டாம்.

செலவே இல்லாதது கறிவேப்பிலைச் செடி. கொழுந்தில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வைத்த முட்டை, கடுகைவிடச் சிறியதாக, வெளிர் மஞ்சளாக ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாளில் புழு வந்துவிடும். சின்னதில் பார்த்தால் பறவை எச்சமேதான், வளர்ந்ததும் பச்சை. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் கவட்டைபோல் ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். மகள் அன்று பத்து முறையாவது தொட்டிருப்பாள், பாவம் புழு!

புழுக்களைப் பாட்டிலில் விட்டு வளர்த்தோம். முதல் தடவை ஈர இலையைப் போட்டு பாட்டிலை இறுக மூடிவிட்டேன். பூஞ்சணம் பிடித்து இரண்டு புழுக்கள் செத்தன. பாட்டில் வாயில் துணி கட்டினாலே போதும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையும் ஆகாது, மருந்து அடித்திருப்பார்கள். அப்புறம், ஒரு கூட்டுப்புழு கறுத்துக்கொண்டே போனது. ஒருநாள் அதில் பொட்டு ஓட்டை. பாட்டில் முழுக்க, அதை உள்ளிருந்தே தின்று வளர்ந்த குட்டிக் குட்டிக் குளவிகள். மகள் அழுதாள். மறுநாள் அவளே உட்கார்ந்து அந்தக் குளவிகளை வரைந்தாள்.

ஞாயிறு வகுப்பில் கிடைப்பது வேறு. மணலில் குழி பறித்துப் பதுங்கும் குழியானைப் புழுவின் குழிக்குள் எறும்பு சறுக்கி விழுவதை ஆறு பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பார்ப்பதை வீட்டில் எப்படிக் கொண்டுவருவது? மழைக்குப் பின் வந்த, பட்டுப்போல் சிவந்த தம்பலப்பூச்சியின் கால்களை எண்ணச் சொன்னார்கள். எட்டு! பூச்சிக்கு ஆறுதானே. அப்படியானால் அது பூச்சியே இல்லை, சிலந்திக்கு உறவு என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எனக்கே அன்றுதான் தெரியும். குறை என்னவென்றால், ஒரு உருப்பெருக்கிக்கு ஏழெட்டுக் கைகள். குழியானை எப்போது பறக்கும் பூச்சியாக மாறும் என்று கேட்ட பிள்ளைக்கு, காத்திருந்து பார்க்க வகுப்பில் நேரம் இல்லை.

ஒரே பிள்ளை, வயது எட்டுக்குள் என்றால் புழுவில் தொடங்குங்கள். கூட ஆள் இல்லாமல் சலித்துப்போகிற பிள்ளையா? வகுப்புக்கே காசு கட்டுங்கள், மழைக்காலத்தில் சேர்ந்தால் இன்னும் நல்லது. நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம். கறிவேப்பிலை மட்டும் இப்போதெல்லாம் குழம்புக்கு மிஞ்சுவதில்லை.